நோர்வேயில் குளிர்கால விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டு வெப்பப் பம்பியை எப்படி விட்டுப்போவது?

நோர்வேக்கு வந்து முதல் குளிர்காலத்திலேயே மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ புறப்படும் குடும்பங்கள் அநேகமாக எல்லாமே ஒரு கேள்வியைக் கேட்கின்றன. சுவரில் மாட்டியிருக்கும் வெப்பப் பம்பியை நிறுத்திவிட்டுப் போவதா, ஓடவிட்டுப் போவதா என்பதே அது. ஊரில் நாள்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது மெயின் சுவிட்சை நிறுத்துவது பலருக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்தக் குளிருக்குள் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம். வெப்பம் முற்றாக நின்றுபோன வீட்டில் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் உறைந்து விரியும், குழாய் வெடிக்கும், உறைவு நீங்கியதும் ஆள் இல்லாத வீட்டுக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கும். அந்தச் சேதத்துக்கு முன் எந்த மின்கட்டணமும் சிறிய தொகைதான்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பியை நிறுத்தாமல் 15 பாகை அளவுக்குக் குறைத்துவையுங்கள்; அதைவிட முக்கியமாக, வீட்டிலுள்ள மற்ற மின் ஹீற்றர்கள் அனைத்தையும் அதற்கும் கீழே இறக்கிவையுங்கள். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், பணம் வீணாவதும் அங்கேதான்.

காரணம் விளங்க வேண்டுமானால் வெப்பப் பம்பி வேலை செய்யும் விதத்தை அறிந்திருப்பது நல்லது. இங்குள்ள வீடுகளில் அதிகம் காணப்படுவது வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே விடும் வகை. அது மின்சாரத்தை வெப்பமாக மாற்றுவதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தவே மின்சாரத்தைச் செலவிடுகிறது. ஆகவே வெளியே 7 பாகை இருக்கும்போது, நல்ல நிலையிலுள்ள பம்பி ஒரு அலகு மின்சாரத்துக்கு நான்கு அலகு வரை வெப்பம் தரும். மைனஸ் 15 பாகையில் அது இரண்டு அலகு அளவுக்குக் குறையும். சுவரில் பொருத்திய சாதாரண மின் ஹீற்றரும் குளியலறைத் தரைக்குள் ஓடும் சூட்டுக் கம்பியும் எந்தக் காலநிலையிலும் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பத்தையே தருகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும் 150 வாட் வெப்பத்தை இழக்கும் வீடு ஒன்றையும், வெளியே சராசரியாக மைனஸ் 3 பாகையையும், மூன்று வாரப் பயணத்தையும், பம்பி ஓர் அலகுக்கு இரண்டரை அலகு வெப்பம் தருவதையும், மின்வலைக் கட்டணமும் வரியும் சேர்த்து ஒரு கிலோவாட் மணிக்கு ஒரு குரோணர் என்ற விலையையும் எடுத்துக்கொள்வோம். எதையும் குறைக்காமல் 21 பாகையிலேயே பம்பியை விட்டுப்போனால் ஏறத்தாழ 726 கிலோவாட் மணி செலவாகும். 15 பாகைக்குக் குறைத்தால் அது 544 ஆகும். 180 குரோணர் அளவு மிச்சம். 10 பாகைக்கு இறக்கினால் மேலும் 150 குரோணர் மிஞ்சும், அவ்வளவுதான். அந்த 150 குரோணருக்காக, பம்பியிலிருந்து தூரத்தில் கதவு மூடிக் கிடக்கும் அறையின் வெளிச்சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பல பம்பிகளில் 8 அல்லது 10 பாகையில் வீட்டைப் பிடித்துவைக்கும் தனி அமைப்பு உண்டு. மலைக் குடில்களுக்கு அது பொருத்தமானது. உங்கள் வீட்டில் எந்த அறை எவ்வளவு குளிரும் என்று ஒரு குளிர்காலமாவது பார்த்தறிந்த பின்னர் வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம்.

இனி அதே வீட்டில் பம்பியை மட்டும் 15 பாகைக்குக் குறைத்துவிட்டு, அறைகளிலுள்ள ஹீற்றர்களின் தெர்மோஸ்டற்றை 20 பாகையிலேயே மறந்துவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். வீடு 20 பாகைக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் ஹீற்றர்கள் எரியும், பம்பி தன் முறை வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். அந்த ஹீற்றர்கள் முழு வீட்டையும் பிடித்துக்கொண்டால் மூன்று வாரத்தில் 1700 கிலோவாட் மணிக்கு மேல் போய்விடும். சிக்கனம் என்று நினைத்துச் செய்தது, ஒன்றையும் தொடாமல் போயிருந்தால் வந்திருக்கும் செலவைவிட ஆயிரம் குரோணர் கூடுதலாகிவிடும். ஆகவே புறப்படுவதற்கு முன் ஒவ்வோர் அறையாக நடந்து ஹீற்றர்களைப் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறக்குங்கள். குளியலறைத் தரைச் சூட்டையும் அப்படியே குறையுங்கள். அறைக் கதவுகளைத் திறந்துவைத்தால் பம்பியின் வெப்பம் உள்ளே பரவும். ஹீற்றர்கள் கடுங்குளிர் நாள்களில் மட்டும் காவலுக்கு நிற்கும்.

பம்பியின் ரிமோட்டில் சூடாக்கும் அமைப்பையே தெரிவுசெய்யுங்கள். தானியங்கி அமைப்பில் விட்டால் சில பம்பிகள் வெயில் அடிக்கும் பகலில் வெறும் வீட்டைக் குளிரூட்டத் தொடங்கிவிடும். சுவரில் இருக்கும் உள்ளலகின் வடிகட்டியை எடுத்துத் தூசு உறிஞ்சி மாட்டுங்கள். நம் சமையலின் எண்ணெய்ப் புகை படிந்த வடிகட்டி காற்றோட்டத்தை அடைத்துப் பம்பியின் திறனைக் குறைக்கும். வீட்டுக்கு வெளியே இருக்கும் வெளியலகைச் சுற்றிப் பனி குவியாமல் ஒதுக்கிவிடுங்கள். அதில் படியும் உறைபனியைப் பம்பி தானே அவ்வப்போது உருக்கிக்கொள்ளும், ஆனால் உருகிய நீர் கீழே மீண்டும் உறைந்து மேடாகிக் காற்றுவழியை மறைக்கக்கூடும். இடையில் ஒருமுறை வந்து பார்க்க அயலவரிடமோ உறவினரிடமோ சொல்லிவைப்பது நல்லது. ஈரப்பதம் சுவர்களில் படிந்து பூஞ்சணம் பிடிக்காதிருக்க, சுவரிலுள்ள காற்றுத் துளைகளை மூடாமல் விடுங்கள். பிரதான தண்ணீர் அடைப்பானை மூடிவிடுங்கள். நோர்வே மொழியில் அதன் பெயர் ஸ்தொப்பெக்ரான்; எங்கே என்று கேட்டால் வீட்டுக்காரர் காட்டுவார். அதை மூடிய பின்னும் குழாய்களில் தண்ணீர் தங்கியிருக்கும் என்பதால், வெப்பத்தை நிறுத்த அது அனுமதி ஆகாது.

கட்டணச் சீட்டைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிதாக வருபவர்களுக்கு அதுதான் பெருங்குழப்பம். மின்சாரத்தின் விலை வேறு, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் வலைக்கான கட்டணம் வேறு. நாடு ஐந்து விலைப் பகுதிகளாகப் பிரிந்திருப்பதால் ஒஸ்லோவில் இருப்பவரும் துரொம்சோவில் இருப்பவரும் ஒரே விலை கொடுப்பதில்லை. 2025 அக்டோபர் 1 முதல், விரும்பும் வீட்டார் ‘நோர்வே விலை’ என்ற நிலையான விலையைத் தெரிவுசெய்யலாம். அது பெறுமதி சேர் வரியுடன் கிலோவாட் மணிக்கு 0.50 குரோணர், அந்த வரி இல்லாத வட மாவட்டங்களில் 0.40 குரோணர். அதைத் தெரிவுசெய்யாமல் மணிக்கு மணி மாறும் விலையில் இருப்பவர்களுக்கு, அரசு வகுத்த வரம்புக்கு மேற்பட்ட தொகையில் 90 விழுக்காட்டை அரசே ஏற்கிறது. நிலையான விலையில் இருந்தாலும் வலைக் கட்டணம் தனியாக வரும் என்பதை மனத்தில் வையுங்கள்.

அந்த வலைக் கட்டணத்தில் 2022 ஜூலை முதல் ஒரு புதிய பகுதி உண்டு. மாதத்தில் மூன்று வெவ்வேறு நாள்களில் நீங்கள் மிக அதிகமாக மின்சாரம் எடுத்த மணிகளின் சராசரியை வைத்து உங்கள் கட்டணப் படிநிலையை நிர்ணயிக்கிறார்கள். அதற்குரிய தொகை மாதம் முழுவதற்கும் பொருந்தும். ஆகவே மார்கழி பாதியில் போய்த் தை தொடக்கத்தில் திரும்பினால், நீங்கள் வீட்டில் இருந்த சில நாள்களே இரண்டு மாதங்களின் படியையும் தீர்மானித்துவிடும். அந்தப் பகுதியில் மிச்சத்தை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மாறாக, குளிர்ந்துபோன வீட்டுக்கு வந்திறங்கிய அன்று மாலை பம்பி, நான்கு ஹீற்றர்கள், வெந்நீர்த் தொட்டி, அடுப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்பது கிலோவாட்டை எளிதில் தொட்டுவிடலாம். ஒரு நாள் உச்சம் மூன்றில் ஒன்றாகத்தான் சேரும். ஆனால் சுவரும் தளபாடமும் வரை குளிர்ந்த வீடு சூடேற இரண்டு மூன்று நாள் பிடிக்கும், அத்தனை நாளும் ஹீற்றர்கள் எரிந்தால் கூடிய கட்டணப் படிநிலைக்கு ஏறிவிடுவீர்கள்.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. பம்பி இணையத்தோடு இணைந்திருந்தால், வந்து சேர்வதற்கு ஒரு நாள் முன்னதாகவே, விமானம் மாறும் இடத்திலிருந்தேகூட, கைபேசி வழியாக வெப்பநிலையை இரண்டு இரண்டு பாகையாக உயர்த்துங்கள். இதற்காகவே வீட்டு ரவுட்டரை அணைக்காமல் போக வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் வந்த பின் பம்பியை மட்டும் உயர்த்தி, ஹீற்றர்களை ஓரிரு நாள் கீழேயே விட்டுவையுங்கள். ஓர் இரவு கம்பளி உடுத்திக்கொண்டால் போதும்.

வெந்நீர்த் தொட்டி தனிக் கதை. 200 லீற்றர் தொட்டி வெறுமனே நின்றாலும் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோவாட் மணி வெப்பத்தை இழக்கும். வார இறுதிப் பயணத்துக்கு அதைத் தொட வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு நிறுத்தினால் முப்பது கிலோவாட் மணி வரை மிஞ்சும், ஆனால் இளஞ்சூட்டில் தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகக்கூடும். ஆகவே திரும்பி வந்ததும் தொட்டியை 70 பாகை வரை முழுமையாகச் சூடாக்கி, குளியலறைக் குழாயில் சுடுநீரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அந்த ஆவியைச் சுவாசிக்காமல் வெளியே நின்ற பிறகே குளியுங்கள். சிறு குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதில் சோம்பல் வேண்டாம்.

ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை. உறைபனி அச்சம் இல்லாத அந்த மாதங்களில் பம்பியை ரிமோட்டிலேயே நிறுத்திவிட்டு, தரைச் சூட்டையும் அணைத்துவிட்டுப் போகலாம். வாடகையோடு மின்சாரமும் சேர்ந்திருக்கும் வீட்டில் குடியிருப்பவர்கள் எந்தப் பருவமானாலும், எத்தனை பாகையில் விட்டுப்போகிறீர்கள், தண்ணீரை மூடினீர்களா, சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் புறப்படும் முன் வீட்டுக்காரருக்குக் குறுஞ்செய்தியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.