சிவப்பும் பச்சையும் தோள் உரச: வான் கோ வழியில் காதலர் ஓவியம்

1888 செப்டம்பரில் பிரான்ஸின் ஆர்ல் நகரிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், காதலர் இருவரின் அன்பை ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நிறங்களின் திருமணமாகக் காட்ட ஆசைப்படுவதாக வான் கோ சொல்கிறார். அதே மாதம் வரைந்த 'இரவு விடுதி'யில் மனிதரின் கொடிய வேட்கைகளைச் சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டுக் காட்டினார். அந்த ஜோடியையே அன்புக்கும் பயன்படுத்தலாம். அளவை மட்டும் மாற்ற வேண்டும்.

40 × 50 செ.மீ. கான்வாஸ் போதும். வெள்ளைத் தளத்தில் நேரடியாக ஆரம்பிக்காதீர்கள். எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு நீர்த்த அல்ட்ராமரின் நீலத்தால் இரண்டு உருவங்களின் வெளிக்கோடு. கண், மூக்கு எதுவும் வேண்டாம். தோள்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது தெரிந்தால் போதும்.

வேண்டிய எண்ணெய் வண்ணங்கள்: கேட்மியம் ரெட், விரிடியன் (பச்சை), கேட்மியம் எல்லோ, அல்ட்ராமரின், டைட்டானியம் ஒயிட், இளஞ்சிவப்புக்குக் குயினாக்ரிடோன் ரோஸ். கடைசியில் சொன்னதை வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வான் கோ பயன்படுத்திய ஜெரேனியம் லேக் என்ற சிவப்புச் சாய வண்ணம் வெளிச்சம் பட்டு வெளுத்துவிட்டது. அவருடைய 'படுக்கையறை'யின் ஊதாச் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிவது சிவப்புச் சாயம் மங்கியதால்தான்.

அவள் உடை சிவப்பு, அவன் கோட் பச்சை. பச்சை மூன்று பங்கு, சிவப்பு ஒரு பங்கு வையுங்கள். விரிடியனில் வெள்ளையும் துளி மஞ்சளும் சேர்த்து, சிவப்பைவிடத் தெளிவாக வெளிறச் செய்யுங்கள். இரண்டும் ஒரே அழுத்தத்தில், சம அளவில் நின்றால் எல்லைக்கோடு துடிக்கும், கண் வலிக்கும். அது சண்டைக்குப் பொருந்தும், காதலுக்கு அல்ல. சந்தேகமாக இருந்தால் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். இரண்டு உடைகளும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் பச்சையை இன்னும் வெளிறச் செய்ய வேண்டும்.

படத்தின் உயிர் அவள் சிவப்புக் கை அவன் பச்சைக் கோட்டைத் தொடும் இடத்தில்தான் இருக்கிறது. அங்கே நிறங்களைக் குழைக்கவே கூடாது. 6-ஆம் எண் தட்டைத் தூரிகையில் வண்ணத்தை நிறைய எடுத்து ஒரே இழுப்பு. தூக்குங்கள், துணியில் துடையுங்கள், அடுத்த நிறம். நடுவில் மயிரிழை அளவுக்கு ஓக்கர் தளம் தெரியட்டும். அதே இடத்தில் மூன்றாம் முறை தேய்த்தால் சிவப்பும் பச்சையும் கலந்து சேற்று நிறமாகிவிடும். அப்படி ஆனால் மேலே பூசி மறைக்காதீர்கள். பேலட் கத்தியால் சுரண்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். அந்தச் சேற்று நிறத்தை வீணாக்க வேண்டாம், காலடி நிழலுக்கு அதுதான் சரி. நிழல் இருவருக்கும் பொதுவாகிவிடுகிறது!

அவள் மடிப்புகளில் இரண்டு மூன்று பச்சைத் தீற்றல், அவன் காலரில் சிறு சிவப்பு. இருவர் உடையிலும் தீற்றல்கள் ஒருவரை நோக்கி ஒருவர் சாய வேண்டும். பின்னணியில் கிடையாகப் போகட்டும்.

அடியில் மெல்லிய, எண்ணெய் குறைந்த பூச்சு; தடித்தது மேலேதான். மாறினால் வெடிக்கும். தடித்த இடங்கள் தொட்டால் ஒட்டாமலிருக்கவே சில வாரம் ஆகும். வார்னிஷ் ஆறு மாதத்துக்குப் பிறகு.