சார்காய்டோசிஸ்: ப்ரெட்னிசோன் மட்டும் போதாதபோது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒருவருக்கு இருமல் நிற்காமல் எக்ஸ்ரேயிலும் நிழல் தெரிந்தால் எல்லோரும் முதலில் சொல்வது டிபி, இந்த நாட்டில் அதில் தப்பும் இல்லை. சார்காய்டோசிஸும் (நுரையீரல் போன்ற உறுப்புகளில் சின்னச் சின்ன அழற்சிக் கட்டிகள் வரும் நோய்) படத்தில் ஏறக்குறைய அப்படியே தெரியும். அதனால் ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை (வழக்கமாகத் தினம் 20 முதல் 40 மி.கி.) சாப்பிட்டும் குறையவில்லை, அல்லது அளவைக் குறைத்ததும் மூச்சு வாங்குகிறது என்றால், அடுத்த மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: திசு எடுத்துப் பார்த்தாயிற்றா, டிபி கிருமி இல்லை என்பது உறுதியா, இப்போது இருப்பது அழற்சியா, வெறும் தழும்பா? தழும்புக்கு ஸ்டீராய்டைக் கூட்டினால் சர்க்கரைதான் ஏறும், அது நம் வீடுகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடினாலும் மூச்சு வாங்கும், அதற்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். ப்ரெட்னிசோனை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

அழற்சிதான் என்றால் பெரும்பாலும் அடுத்தது மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒரே நாள், 10 முதல் 15 மி.கி.; மறந்துபோய் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அதனால் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை மாதிரி மறக்காத ஒரு கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட், அவ்வப்போது ரத்த, ஈரல் பரிசோதனை. கர்ப்பத்தில் கூடவே கூடாது, மதுவும் வேண்டாம். பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகலாம். நெதர்லாந்தில் நடந்து 2025இல் வெளிவந்த ஆய்வில், நுரையீரலில் சார்காய்டோசிஸ் உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே இதைக் கொடுத்தபோதும் ப்ரெட்னிசோனுக்குக் குறையாமல் வேலை செய்தது.

அதுவும் கேட்கவில்லையா, இன்ஃப்ளிக்சிமாப் டிரிப்: முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை. உடம்புக்குள் தூங்கும் டிபியை அடக்கி வைத்திருக்கும் காவலையே இது தளர்த்திவிடும், ஆகவே டிபி சோதனை செய்யாமல் ஒரு டிரிப்கூட ஏற்றிக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கிறது என்று வந்தால் முதலில் அதற்குத் தடுப்பு மாத்திரை. தழும்பே பெருகிக்கொண்டு போகிறவர்களுக்கு நின்டெடானிப் என்று வேறொன்று உண்டு.

எலும்புக்கு நல்லது என்று கடையில் கால்சியம், வைட்டமின் டி வாங்காதீர்கள். இந்த நோயில் ரத்தத்தில் கால்சியம் தானாகவே ஏறலாம், முதலில் அளந்து பாருங்கள்.

அப்புறம் பணம். மெடிக்கல் எய்டுகள் (தனியார் மருத்துவக் காப்பீடுகள்) கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் சார்காய்டோசிஸ் பெயர் இல்லை. இந்த மருந்து ஏன் வேண்டும் என்று காப்பீட்டுக்கு விளக்கும் மோட்டிவேஷன் லெட்டரை டாக்டரிடம் கேளுங்கள், ஊதிப் பார்த்த எண்கள் எப்படி இறங்கின, எந்த மருந்து ஏன் தோற்றது என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கட்டும். அரசு வழியில் போகிறவர்கள் டர்பனின் பெரிய அரசு மருத்துவமனையான இன்கோசி ஆல்பர்ட் லுதுலிக்கு நேராகப் போய் நிற்க முடியாது, கீழ் மருத்துவமனையின் சீட்டு வேண்டும்.