பழைய காரில் ஒட்டிய பிசினும் பால் கறையும்

சேலத்தில் போன மாதம் வாங்கிய பழைய காரில், டேஷ்போர்டில் சாமி சிலை இருந்த இடத்தில் இருபக்க டேப்பின் பிசின் கருத்துப்போய் ஒட்டியிருந்தது. கத்தியால் சுரண்டாதீர்கள், கோடு விழும். பெட்ரோலும் தின்னரும் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கை அரித்துவிடும்.

முதலில் ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டுங்கள். பிசின் இளகும்போது பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மெல்லத் தள்ளினால் சுருண்டு வரும். மிச்சத்தின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அப்புறம் ஷாம்பு கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தூசி அப்பிக்கொள்ளும்.

பின் சீட்டில் பால் கறை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை கையில் பால் டம்ளர் இருந்தால் வேறென்ன ஆகும்! துணி சீட்டில் பால் கறைக்கு வெந்நீர் ஊற்றாதீர்கள், புரதம் இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் துணி துவைக்கும் லிக்விட் கொஞ்சம் கலந்து ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும். ஈரம் காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி, ஒரு ராத்திரி விட்டு வேக்வம் போட்டால் வாடையும் குறையும்.

ஏற்காட்டு மூடுபனியில் சீட்டு லேசில் காயாது. சேலம் வெயிலில் நான்கு கதவையும் திறந்து காயவைத்தேன். எதையும் முதலில் சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.