முன்பின் தெரியாதவரிடம் உதவி கேட்பது எப்படி? உதவி மன்றங்களுக்குப் புதியவர்களுக்காக

“பிரிண்டர் வேலை செய்யவில்லை. அவசரம். யாராவது உதவுங்கள்!!!”

இணைய உதவி மன்றங்களில் பல வருடங்களாகப் பதில் எழுதிவருகிறேன். இப்படி ஒரு திரி, அதாவது ஒரு கேள்வியும் அதன் கீழே வரும் பதில்களும் சேர்ந்த தொடர், கண்ணில் படாத வாரமே கிடையாது. எழுதியவருக்கு உண்மையிலேயே அவசரம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் படிக்கிற எனக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. எந்தப் பிரிண்டர்? கேபிளா, வைஃபையா? நேற்றுவரை ஓடியதா? இதையெல்லாம் கேட்டுப் பதில் வாங்குவதற்குள் ஒரு நாள் போய்விடும். பலர் கேட்கக்கூட மாட்டார்கள், அடுத்த திரிக்குப் போய்விடுவார்கள்.

பதில் சொல்ல வருகிறவர்களைப் பற்றி இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் இதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்ல. வேலை முடிந்து வந்து, தங்கள் சொந்த நேரத்தில் எழுதுகிறவர்கள். இன்னொன்று, உங்கள் திரை அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் எழுத்தில் வைப்பது எதுவோ அது மட்டும்தான் தெரியும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த இரண்டிலிருந்து பிறந்தவைதான்.

படி 1: முதலில் பதினைந்து நிமிடம் படியுங்கள்

1995 அக்டோபரில், இணையத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி ஆர்.எஃப்.சி. 1855 என்ற ஆவணம் வெளிவந்தது. ஒரு குழுவில் புதிதாகச் சேர்கிறவர் எதையும் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதம் படித்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. பிரிண்டர் நின்றுபோனவரால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. பதினைந்து நிமிடம் போதும் என்பது என் கணக்கு.

அந்தப் பதினைந்து நிமிடத்தில், மன்றத்தின் உச்சியில் ஒட்டிவைத்திருக்கும் திரிகளைத் திறந்து பாருங்கள். விதிமுறைகளும் அடிக்கடி வரும் கேள்விகளும் அங்கேதான் இருக்கும். பிறகு, திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் போடுங்கள். அதில் உங்கள் பயனர் பெயரோ கோப்பின் பெயரோ இருந்தால் அதை மட்டும் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் எதுவும் சிக்காது. உங்களுடையதைப் போலவே ஒரு பழைய திரி கிடைத்து, அதில் சொன்னது உங்களுக்கு உதவவில்லை என்றால் அந்தச் சுட்டியை (லிங்க்) குறித்துவையுங்கள். கேள்வியில் அதைச் சேர்க்கும்போது, தேடிப் பார்த்துவிட்டு வந்தவர் என்று படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

படி 2: தலைப்பு

பட்டியலில் தெரிவது தலைப்பு மட்டும்தான். ‘உதவி தேவை’ என்று வைத்தால் யாருக்கான கேள்வி என்றே தெரியாது. ‘ரூட்டர் மாற்றியபின் வைஃபை பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டுகிறது’ என்று வையுங்கள். பிரிண்டரும் நெட்வொர்க்கும் தெரிந்தவர் தானாக உள்ளே வருவார். ஆச்சரியக்குறிகளும் ‘அவசரம்’ என்ற சொல்லும் வேண்டாம். அங்கே எல்லோருக்கும் அவசரம்.

படி 3: கேள்வியை எழுதுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். என்ன செய்ய முயன்றீர்கள், என்ன நடந்தது, எந்தச் சாதனம், மென்பொருளின் எந்தப் பதிப்பு, எப்போதிலிருந்து இந்தத் தொல்லை, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதெல்லாம் கேள்வியில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் வந்த அந்தப் பிரிண்டர் கேள்வியை இப்படி எழுதலாம்:

“வணக்கம். மூன்று நாளுக்கு முன் வைஃபை ரூட்டரை மாற்றினோம். அதிலிருந்து லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தால் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது. லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் 11. பிரிண்டரின் மாடல் எண்ணைக் கீழே கொடுத்திருக்கிறேன். யூஎஸ்பி கேபிள் போட்டால் நன்றாக அச்சாகிறது. இரண்டையும் அணைத்துப் போட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. எனக்கு வைஃபையிலேயே அச்சடிக்க வேண்டும். அடுத்து எதைப் பார்க்கலாம்?”

கேபிளில் அச்சாகிறது என்ற ஒரே வரி மையையும் தாளையும் இயந்திரத்தையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. ரூட்டர் மாற்றிய செய்தி காரணத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. பழைய நெட்வொர்க்கின் பெயரையே பிரிண்டர் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து நாம் எழுதாமல் விடுகிற வரிக்குள் விடை உட்கார்ந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆகவே, தொல்லை தொடங்கிய நாளையொட்டி எது மாறியிருந்தாலும் எழுதிவிடுங்கள்.

இன்னொரு தவறும் இங்கே நடக்கும். பிரிண்டர் ஓடவில்லை என்றதும், டிரைவர்தான் (பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) காரணம் என்று நாமாகவே முடிவுகட்டிவிட்டு ‘டிரைவரை முழுவதுமாக நீக்குவது எப்படி?’ என்று மட்டும் கேட்போம். நல்ல மனசோடு பத்துப் பேர் டிரைவரை நீக்கக் கற்றுக்கொடுப்பார்கள். நீக்குவோம், திரும்பப் போடுவோம், பிரிண்டர் ஓடாது. தொழில்நுட்ப மன்றங்களில் இதற்கு எக்ஸ்-ஒய் சிக்கல் என்று பெயர். எக்ஸ் என்ற பிரச்சினைக்கு ஒய் தீர்வு என்று நாமே நினைத்துக்கொண்டு, எக்ஸை மறைத்து ஒய்யைக் கேட்பது. உங்கள் யோசனையைத் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் அசல் பிரச்சினையை முதல் வரியில் வையுங்கள்.

பிழைச் செய்தி வந்திருந்தால் ‘ஏதோ எரர்’ என்று எழுதாதீர்கள். எழுத்து மாறாமல் அப்படியே கொடுங்கள், அதுவும் எழுத்தாகவே கொடுங்கள். படமாகப் போட்டால் நாளை அதே பிழையோடு வருகிறவரின் தேடலில் உங்கள் திரி கிடைக்காது. திரையையே காட்ட வேண்டியிருந்தால் போனால் மானிட்டரைப் படம் எடுக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் எடுக்கலாம். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 4.

படி 4: மறைக்க வேண்டியதை மறையுங்கள்

மன்றத்தில் எழுதுவது உலகம் முழுக்கத் தெரியும், பல வருடம் தெரியும். தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி, போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண், விண்டோஸின் 25 எழுத்துத் தயாரிப்புச் சாவி, ஓடிபி இவற்றில் எதுவும் கேள்வியில் இருக்கக் கூடாது. மென்பொருள் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பை (லாக்) ஒட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். அதற்குள் பயனர் பெயரும், சில நேரம் கடவுச்சொல்லுக்கு இணையான டோக்கனும் கிடக்கும்.

படத்தில் மறைப்பதென்றால் மார்க்கர் பேனாவால் கிறுக்காதீர்கள். பல செயலிகளில் அந்த மை ஒளி ஊடுருவும். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருப்பது படிக்கக் கிடைக்கும். கெட்டியான கறுப்புக் கட்டத்தைப் போடுங்கள். வெட்டிவிட்டால் போதும் என்றும் இருந்துவிட வேண்டாம். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களின் படத்திருத்தக் கருவியில் ஒரு குறை வெளியே வந்தது. வெட்டி நீக்கியதாக நினைத்த பகுதியின் தரவு படக்கோப்புக்குள்ளேயே தங்கியிருந்தது, அதில் ஒரு பகுதியை மீட்டெடுக்கவும் முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்கிரீன்ஷாட் கருவியான ஸ்னிப்பிங் டூலிலும் இதே போன்ற குறை இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். என்றாலும், தேவையில்லாத ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு அதன்பிறகு ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் பழக்கம் என்னிடம் நிலைத்துவிட்டது.

படி 5: காத்திருங்கள்

பதில் தெரிந்தவர் பூமியின் மறுபக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு முழு நாளாவது விடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று போட்டுத் திரியை மேலே தள்ள வேண்டாம். பதில் இல்லாத திரிகளை மட்டும் தேடிப் படிக்கிறவர்கள் உண்டு, அவர்கள் பட்டியலிலிருந்து உங்கள் திரி நழுவிவிடும். அதே கேள்வியை நாலு மன்றத்தில் ஒரே நேரத்தில் போடுவதும் சரியல்ல. ஓரிடத்தில் தீர்ந்துபோன பிறகும் மற்ற மூன்றிடங்களில் மூன்று பேர் உங்களுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்கள். வேறிடத்தில் கேட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு திரியிலும் மற்றதன் சுட்டியைக் கொடுத்துவிடுங்கள்.

படி 6: பதில் வந்ததும்

மூன்று யோசனை வந்தால் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், ஒவ்வொன்றின் முடிவையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று யாருக்கும் தெரியாது. ‘முயன்றேன், வரவில்லை’ என்பதும் பதில் ஆகாது. என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது என்று சொல்லுங்கள்.

புரியாத கட்டளையை டெர்மினலில் (கணினிக்குக் கட்டளைகளை எழுத்தாகக் கொடுக்கும் ஜன்னல்) ஒட்டாதீர்கள். இது என்ன செய்யும் என்று கேளுங்கள். கேட்பது அவமரியாதை இல்லை, நல்ல மனிதர் விளக்குவார். கோப்புகள் அத்தனையையும் துடைத்துவிடும் ஒற்றை வரியை வேண்டுமென்றே புதியவர்களிடம் நீட்டுகிறவர்களும் இணையத்தில் இருந்திருக்கிறார்கள்.

‘தனிச்செய்தியில் வாருங்கள், உங்கள் கணினிக்குள் வந்து நானே சரிசெய்து தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ரிமோட் செயலியை நிறுவச் சொல்லும் மோசடிக்காரர்கள் உதவி மன்றங்களைத்தான் சுற்றிவருகிறார்கள். இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அதிகாரபூர்வ மன்றத்தில், உதவி செய்கிறவர் உங்கள் தளத்தின் நிர்வாகக் கணக்கைக் கேட்பதற்கே தடை உண்டு. பொதுத்திரியில் பேசினால் தவறான யோசனையைத் திருத்த நாலு பேர் இருப்பார்கள்.

சில பதில்கள் சுருக்கென்று இருக்கும். எழுத்துக்குக் குரல் கிடையாது, சுருக்கமாக எழுதுகிறவர் கோபமாக இருப்பதுபோலத் தோன்றும். இது பழைய தொல்லை. 1982 செப்டம்பர் 19 அன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃபால்மன், வேடிக்கையாகச் சொன்னதை வினையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து ஒரு சிரிப்புக் குறியைப் போடலாம் என்று முன்வைத்ததே இதனால்தான். ஆகவே முதல் வாசிப்பில் சந்தேகத்தின் பலனை எழுதியவருக்குக் கொடுங்கள். உண்மையிலேயே இழிவாகப் பேசியிருந்தால் திருப்பித் திட்டாமல், மன்றத்தை மேற்பார்வையிடும் மட்டுறுத்துநருக்குப் புகார் பொத்தான் வழியாகத் தெரிவியுங்கள். கோபத்தில் எழுதிய பதிலை ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பச் சொல்கிறது அந்த 1995 ஆவணம். நான் அப்படி வைத்திருந்த பதில்களில் ஒன்றைக்கூடக் காலையில் அனுப்பியதில்லை.

படி 7: திரியை முடித்துவையுங்கள்

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது. நானே அதைச் செய்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து அதே திரியில் ஒருவர், ‘எப்படிச் சரிசெய்தீர்கள்? எனக்கும் இதே பிரச்சினை’ என்று கேட்டிருந்தார். எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்குச் சொல்ல ஒரு வார்த்தைகூட என்னிடம் இல்லை.

நமது பிரிண்டர் திரி இப்படி முடியலாம்: “தீர்ந்தது. புது ரூட்டரில் இரண்டு நெட்வொர்க் பெயர்கள் இருந்தன. என் பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும், அதனால் அந்தப் பெயரில் இணைத்தேன். லேப்டாப் கெஸ்ட் நெட்வொர்க்கில் (விருந்தினருக்கான தனி இணைப்பு) இருந்தது. அதில் இருந்தால் பிரிண்டர் கண்ணில் படாது என்று மூன்றாவது பதிலில் சொன்னபடி மாற்றினேன், அச்சாகிவிட்டது.” பிறகு, உதவிய பதிலைத் தீர்வு என்று குறியுங்கள். திரியை அழித்துவிடாதீர்கள்.

படி 8: நீங்கள் பதில் சொல்லும் நாள்

அதற்கு நிபுணராக இருக்க வேண்டியதில்லை. நேற்று தீர்த்த பிரச்சினையை இன்று இன்னொருவர் கேட்பார், உங்கள் அனுபவம் சுடச்சுட இருக்கும். உறுதியில்லாததை ‘எனக்கு இது வேலை செய்தது, உங்களுக்கும் பொருந்துமா பாருங்கள்’ என்று எழுதுங்கள். ‘தேடிப் பார்’ என்று மட்டும் சொல்லி விரட்ட வேண்டாம். தேடி எடுத்த சுட்டியைக் கொடுத்து, எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினீர்கள் என்றும் சொல்லுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவை தரும் பதிலைச் சோதிக்காமல் ஒட்டுவதும் கூடாது. 2022 டிசம்பரில் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அத்தகைய பதில்களுக்குத் தடை போட்டது. பார்க்கச் சரியானவைபோல் இருக்கும் தவறான பதில்கள் குவிந்ததுதான் காரணம். உங்கள் கணினியிலேயே செய்து பார்க்க முடிந்ததை எழுதுங்கள். முடியாததைக் கேள்வியாகத் திருப்பிக் கேளுங்கள்: லேப்டாப் எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது என்று ஒருவர் கேட்டதால்தானே அந்தப் பிரிண்டர் ஓடியது.