மௌன ஜெபத்தில் நாம் தவறுகிற இடங்கள்

"நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" (சங்கீதம் 46:10). இந்த வசனத்தை நம்பி மௌனமாக ஜெபிக்க உட்காருகிற பலர், சில நாட்களிலேயே விட்டுவிடுகிறார்கள். வீட்டுச் சத்தம் ஓயட்டும், கவலை தீரட்டும், அப்புறம் அமர்ந்திருக்கலாம் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதே சங்கீதத்தில் மலைகள் அதிர்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன. அதன் நடுவில்தான் இந்தக் கட்டளை வருகிறது. 'அமர்ந்திருந்து' என்ற இடத்தில் உள்ள எபிரெயச் சொல்லுக்குக் கையைத் தளரவிடுவது, பிடியை விடுவது என்று பொருள். சூழ்நிலை அப்படியே இருக்கட்டும். நம் பிடியைத்தான் விடச் சொல்கிறார்.

மனதை வெறுமையாக்க முயல்வது இன்னொரு தவறு, என் பார்வையில் இதுதான் அதிகம் சோர்வடைய வைக்கிறது. நினைவுகள் வரத்தான் செய்யும். அவற்றோடு சண்டை போட்டால் ஜெப நேரம் முழுவதும் சண்டையிலேயே போய்விடும். 131-ஆம் சங்கீதம் தாயின் பால் மறந்த குழந்தையைக் காட்டுகிறது. அந்தக் குழந்தை ஒன்றும் கேட்காமல் தாயின் மடியில் இருக்கிறது. அதற்குத் தாய் போதும். நினைவு அலைந்தால் "ஆண்டவரே" என்று மெதுவாகச் சொல்லித் திரும்பி வந்தால் சரி. பத்து முறை அலைந்தால் பத்து முறை திரும்பலாம். அந்தத் திரும்புதலும் ஜெபம்தான்.

வேத வாசிப்பில் அவசரம் கூடாது. தியானத்தைக் குறிக்கிற 'ஹாகா' என்ற எபிரெயச் சொல்லுக்கு, வாய்க்குள் முணுமுணுப்பது என்றும் பொருள் உண்டு. 12-ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ, வாசிப்பு உணவை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது என்றார். மூன்று அதிகாரங்களை ஓட்டமாக முடிப்பதைவிட ஒரு வசனத்தோடு உட்கார்ந்திருப்பது நல்லது.

எலியா தீர்க்கதரிசி கேட்ட "அமர்ந்த மெல்லிய சத்தம்" நமக்கும் தினமும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் உண்டு. ஒன்றும் உணராத நாளில் ஜெபம் தோற்றுப்போனதாக நினைத்துவிடுகிறார்கள். எலியாவுக்கே அந்தச் சத்தத்துக்குப் பின் கிடைத்தது, "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வியும், திரும்பிப் போய்ச் செய்ய வேண்டிய வேலையும்தான்.

இரவில் அந்த நாளைத் திரும்பிப் பார்க்கும்போது குற்றப்பட்டியலோடு தொடங்காதீர்கள். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த ஆய்வு ஜெபத்தில் முதல் படி நன்றி சொல்வது. பாவத்தைத் தேடுவது அதற்குப் பிறகுதான் வருகிறது. நன்றியோடு பார்க்கிறவருக்குத் தன் தவறைப் பயமில்லாமல் பார்க்க முடியும்.

நேரத்தைப் பற்றி ஒன்று: முதல் நாளே ஒரு மணி நேரம் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். நடுவில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல்படவும் வேண்டாம். இயேசு இருட்டோடே எழுந்து தனியே ஜெபித்த அந்தக் காலையில் சீமோனும் கூட இருந்தவர்களும் அவரைத் தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்றார்கள் (மாற்கு 1:35-38). அவர் அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள் என்று அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.