'சொற்பொழிவு' அச்சேறும் முன் கவனிக்க வேண்டியவை

அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் போன வாரம் ஒரு கோயில் அழைப்பிதழின் ப்ரூஃபை, அதாவது பிழை பார்க்க எடுக்கும் அச்சுப்படியை, நீட்டினாள். 'ஆன்மிகச் சொற்பொலிவு' என்றிருந்தது. வேலைக்கு வந்த புதிதில் நான் விட்ட அதே பிழை. கால், கொம்பு விடுபடுவதெல்லாம் இரண்டாம் ப்ரூஃபில் சிக்கிவிடும். சிக்காமல் தப்புகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பொழிவைப் பொலிவாக்குவது

நான் அந்தப் பிழையை விட்ட அன்று ஆயிரம் அழைப்பிதழ். மூலையில் மஞ்சள் தடவி, நூறு நூறாகக் கட்டி வைத்திருந்தோம். வாங்க வந்த விழாக்குழுவில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். மேல் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் படித்தவர், என் பேனாவையே வாங்கி அந்த 'லி'யைச் சுற்றி வட்டம் போட்டு மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. ஆயிரத்தையும் மறுபடி அடித்தோம். தாள் செலவை என் சம்பளத்தில் பிடித்தார்கள். இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

தப்பியதற்குக் காரணம், பொலிவும் நல்ல தமிழ்ச் சொல்தான். முகப்பொலிவு என்கிறோம். களத்தில் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். அழகு, செழிப்பு என்று பொருள் வருவதால், 'சொல்லின் அழகுதானே' என்று கண் கடந்துபோய்விடும். ஆனால் சொற்பொழிவு என்ற சொல்லுக்குள் இருப்பது மழை. பொழிதல் என்றால் மேலிருந்து விடாமல் கொட்டுதல். மேகம் மழை பொழியும். போர்க்களத்தில் அம்பு பொழிவார்கள். சபை முன் நின்று ஒருவர் தங்குதடையின்றிச் சொல்லைக் கொட்டுவதால் அது சொற்பொழிவு. மழைக்கு எந்த ழகரமோ அதே ழகரம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

சொற்ப்பொழிவு

ற் வந்தபின் ப் வேண்டாம். கற்பலகைக்குப் போடுவோமா?

பிரசங்கத்தைத் திருத்துவது

வாடிக்கையாளர் 'பிரசங்கம்' என்று எழுதித் தந்தால் அதைச் 'சொற்பொழிவு' ஆக்காமல் அப்படியே விடுங்கள். வடமொழியில் தொடர்பு, சந்தர்ப்பம் என்ற பொருளில் வழங்கிய சொல், தமிழில் சமயப் பேச்சுக்கு நிலைத்துவிட்டது. தமிழ் விவிலியத்தில் 'பிரசங்கி' என்றே ஓர் ஆகமம் உண்டு. தேவாலயத்துக்கு மட்டும் உரியது என்றும் நினைக்காதீர்கள்: 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கியதும் பிரசங்கம்தான். அளவு மீறி வாயாடுகிறவரை அதிகப்பிரசங்கி என்கிறோமே, அங்கே சொற்பொழிவைக் கொண்டுபோய் வைக்க முடியுமா?

சொற்பொழிவு உரை

இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.