கைடு புக்கை நம்பிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டூர் கம்பெனி இல்லாமல் தாங்களே திட்டம் போட்டு வெளியூர், வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் சிலர், கிளம்புவதற்கு முன் தங்கள் திட்டத்தை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். பையில் ஒரு வழிகாட்டிப் புத்தகம், போனில் மேப். இப்படி ஊர் சுற்றுவதுதான் எனக்கும் பிடித்த வழி, அதனால் ஒவ்வொரு திட்டத்தையும் உட்கார்ந்து படிப்பேன். அதில் எங்கள் தலைமுறை அந்தக் காலத்தில் செய்த அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு வாரத்தில் ஒன்பது ஊர் போடுவது, கனமான புத்தகத்தை முழுசாகச் சுமப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. முதல் பயணத்திலேயே அதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். பணத்தையும் நாளையும் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அட்டையில் உள்ள ஆண்டை நம்புவது

அட்டையில் இந்த ஆண்டு என்று போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் தகவலைத் திரட்டி ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். எழுதுகிறவர் ஊர் ஊராகப் போக வேண்டும், எழுத வேண்டும், திருத்த வேண்டும், அப்புறம்தான் அச்சு. "புதிய பதிப்பு" என்றால் எல்லாப் பக்கமும் புதிது என்றும் அர்த்தமில்லை. சில ஊர்களுக்கு ஆள் நேரில் போயிருப்பார், சில ஊர்களுக்குப் போனில் விசாரித்திருப்பார்.

கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கு ஒரு நாள் நுழைவுச்சீட்டு 20 டாலராக இருந்தது. 2017 பிப்ரவரியில் 37 டாலர் ஆனது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்த 2016 பதிப்பை வைத்து நான்கு பேருக்கு பட்ஜெட் போட்டால் எங்கே இடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இலங்கை இன்னும் நல்ல உதாரணம். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 அக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் கிளம்பியது. கடல் மோசமானால் இன்றும் நிற்கும். இப்படிப்பட்ட ஒன்றை எந்த அச்சுப் புத்தகத்தாலும் துரத்திப் பிடிக்க முடியாது.

அதற்காகப் பழைய பதிப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஊரின் அமைப்பு, வரலாறு, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மழை என்பதெல்லாம் பத்து வருஷம் கழித்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். விலை, நேரம், விதி இந்த மூன்றை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

விசா, தடுப்பூசிப் பக்கங்கள் நமக்காக எழுதப்பட்டவை என்று நினைப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் பேச வேண்டும். எத்தனை முறை சொன்னாலும் யாராவது ஒருவர் இதில் போய் விழுகிறார், எனக்கு இன்னமும் ஆத்திரம் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி, மாசாய் மாராவில் காட்டுமாடுகள் ஆற்றைக் கடப்பதைப் பார்க்கக் கென்யா போனார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற ஆட்கள். புத்தகத்தின் சுகாதாரப் பகுதியைப் படித்தார்கள். மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் மட்டுமே கென்யா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும் என்று இருந்தது. இந்தியா அப்படிப்பட்ட நாடில்லை. சரி, நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். நைரோபியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்து மும்பையில் இறங்கியபோது சுகாதார அதிகாரி மஞ்சள் அட்டை, அதாவது அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ், எங்கே என்றார். அட்டை இல்லை. விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

கவனியுங்கள், அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஆனால் அது லண்டனுக்கோ சிட்னிக்கோ திரும்பிப் போகிறவருக்காக எழுதப்பட்டது. இந்தியாவின் விதி வேறு. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டிலிருந்து ஆறு நாட்களுக்குள் இங்கே வந்து இறங்குகிறவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, பிரேசில், பெரு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இதற்குக் காரணமும் இருக்கிறது. அந்தக் காய்ச்சல் இதுவரை இந்தியாவுக்கு வந்ததில்லை, ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஒரே ஒரு நோயாளி போதும். அதனால்தான் நம் அதிகாரிகள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள், விட்டுக்கொடுக்கவும் கூடாது.

ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஆகவே கிளம்புகிற வாரத்தில் ஓடிப் பிரயோஜனமில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எந்தக் கிழமை, முன்பதிவு உண்டா என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். 2016இலிருந்து ஒருமுறை போட்ட ஊசிக்கான சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்கப் போகாமல், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் விமானம் மட்டும் மாறுகிறவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தால் விலக்குக்கு வழி உண்டு. நீண்ட இடைவெளி என்று ஊருக்குள் போய் ஒரு ராத்திரி தங்கினால் கதை மாறிவிடும்.

விசா விஷயமும் இதே வேரிலிருந்துதான் கிளைக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டில் பிறந்தவை. லோன்லி பிளானட் 1973இல் ஆஸ்திரேலியாவிலும், ரஃப் கைட்ஸ் 1982இல் இங்கிலாந்திலும் தொடங்கின. "பெரும்பாலான நாட்டவருக்கு விசா தேவையில்லை" என்று அவற்றில் ஒரு வரி வந்தால், அந்தப் பெரும்பாலானவர்களில் நீலநிற இந்திய பாஸ்போர்ட் இருக்கிறதா என்று யாரும் நமக்குத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். "அண்ணே, புக்குலயே போட்டிருக்கே" என்பார்கள் பிள்ளைகள். போட்டிருக்கிறது தம்பி, உனக்குப் போடவில்லை.

தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியர்கள் வெகுகாலம் இறங்கிய இடத்தில் பணம் கட்டி 15 நாள் விசா வாங்கிக்கொண்டிருந்தோம். 2023 நவம்பரில் 30 நாளுக்கு விசா வேண்டாம் என்றார்கள். 2024 ஜூலையில் அது 60 நாளானது. 2025 மே முதல் நாளிலிருந்து ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. இரண்டு வருஷத்துக்குள் இத்தனை மாற்றம். எந்தப் பதிப்பை வாங்கினாலும் ஏதோ ஒன்று பழசாகத்தான் இருக்கும். நீங்கள் கிளம்புவதற்குள் இதுவும் மாறலாம், ஆகவே நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக இதையும் நம்ப வேண்டாம்.

பூட்டானில் இதே தவறு வேறு விதமாக நஷ்டம் வைக்கிறது. டாலரில் தினக்கட்டணம், ஏஜென்சி மூலமாகத்தான் வர முடியும் என்றெல்லாம் மேலைநாட்டு வாசகருக்கு எழுதியதைப் படித்துவிட்டு, நமக்குக் கட்டுப்படியாகாது என்று பூட்டானையே விட்டவர்கள் உண்டு. இந்தியர்களுக்கு 2022 செப்டம்பர் வரை அந்தக் கட்டணமே கிடையாது. இப்போது இரவுக்கு 1,200 ரூபாய். மற்ற வெளிநாட்டவருக்கு 100 டாலர். இந்தியர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ காட்டிப் போகலாம், ஆதார் மட்டும் இருந்தால் போதாது. இன்னொரு பக்கம், பழைய பதிப்பைப் படித்துவிட்டு நமக்கு இலவசம்தானே என்று போய் நிற்பவர்களும் இருக்கிறார்கள்.

விமானம் மாறுகிற ஊரையும் மறக்கக் கூடாது. லண்டன் வழியாக வேறு நாட்டுக்குப் போகும் இந்தியருக்கு, ஊருக்குள் காலே வைக்காவிட்டாலும், விலக்கு ஏதும் இல்லையென்றால் இடைமாற்ற விசா வேண்டும். லண்டனிலேயே உட்கார்ந்து எழுதும் ஒருவருக்கு இந்தக் கவலை எப்படித் தோன்றும்?

வேலைக்காகும் வழி இதுதான். போகிற நாட்டின் குடிவரவுத் துறைத் தளத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிறகு டெல்லியில் உள்ள அந்த நாட்டுத் தூதரகத்தின் பக்கம். மூன்றாவதாக, நீங்கள் ஏறப்போகும் விமான நிறுவனத்தின் பயண ஆவணப் பக்கம். செக்-இன் கவுண்டரில் இருப்பவர் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் உங்களை ஏற்றலாமா என்று முடிவு செய்வார். அவரிடம் கைடு புக்கைக் காட்டி வாதாடிப் பலனில்லை. கடைசியாக, திரும்பி வரும்போது இந்தியா என்ன கேட்கும் என்பது. கென்யா போனவர்கள் பார்க்காமல் விட்டது அந்த ஒன்றைத்தான். இ-விசா என்றால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அது எந்த எல்லைச் சாவடியில் செல்லும் என்று பாருங்கள். வியட்நாம் விண்ணப்பத்தில் எந்த வழியாக உள்ளே வருகிறாய், எந்த வழியாக வெளியே போகிறாய் என்று கேட்பார்கள். விமான நிலையத்தைக் குறித்துவிட்டு லாவோஸிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கக் கூடாது.

உள்ளூரிலும் வெளிநாட்டவர் கணக்கைப் போடுவது

இந்தியாவுக்குள் சுற்றும்போதும் இதே பிரச்சினைதான். மாமல்லபுரம் மாதிரித் தொல்லியல் துறை இடங்களில் நமக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். அது பரவாயில்லை, கவுண்டரில் தெரிந்துவிடும். தங்குமிடம்தான் பெரிய இழப்பு. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் விடுதிகளைத்தான் இந்தப் புத்தகங்கள் தேடும். சத்திரம், தர்மசாலை, யாத்ரி நிவாஸ் எல்லாம் கண்ணில் படாது. காசியில் நகரத்தார் சத்திரம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்து வருகிறது. நான் பார்த்த ஆங்கில வழிகாட்டி எதிலும் அதற்கு ஒரு வரி இல்லை. காசிக்குப் போய் வந்த பெரியவர் யாரையாவது கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்.

இலங்கையில் சீகிரியா, பொலன்னறுவை போன்ற இடங்களில் இந்தியா உட்பட சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. பாஸ்போர்ட்டை ரூமில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

பஸ் "ஆறு மணி நேரம்" என்றால் ஆறு என்று நம்புவது

எட்டு என்று வையுங்கள். அன்று ராத்திரி விமானம் பிடிக்காதீர்கள்.

"சைவம் கிடைக்கும்" குறியீடு

தென்கிழக்கு ஆசியாவில் மீன் சாறு எதில் இருக்கிறது என்பதை அந்தக் குறியீடு சொல்லாது.

வரலாற்றுப் பக்கங்களைத் தாண்டிப் போவது

இதுதான் எனக்கு வருத்தமான தவறு. ஓட்டல் பட்டியலைக் கிழிய கிழியப் படித்துவிட்டு, புத்தகத்தின் உண்மையான சொத்தைத் தொடாமல் விடுகிறார்கள். அங்கோர் வாட்டில் போய் நில்லுங்கள். அங்கோரின் பெரும்பாலான கோயில்கள் கிழக்கு பார்க்க, இது மேற்கு பார்க்கிறது. ஆகவே முகப்பின் மேல் வெயில் விழுவது பிற்பகலில். சுற்றிலும் நீளமான புடைப்புச் சிற்பங்கள். நம் ஆட்கள் பழக்கத்தில் வலம் வரத் தொடங்குவார்கள். அங்கே சிற்பங்களின் வரிசை இடமாகப் போகிறது. மேற்கு வாசலில் நுழைந்து வலது கைப்பக்கம் திரும்பினால் முதலில் குருக்ஷேத்திரப் போர், தெற்கில் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம், அப்புறம் சொர்க்கம், நரகம், கிழக்கே திரும்பியதும் பாற்கடல் கடைதல். இந்த ஒரு பத்தியைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அங்கே கிடைப்பது ஒன்றல்ல. 37 டாலர் கட்டிவிட்டு ஒரு செல்ஃபியோடு திரும்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே படித்துவிடுங்கள். வேண்டிய பக்கங்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

புத்தகம் பாராட்டிய கடையைத் தேடி அலைவது

பாராட்டு வந்த மறுவருஷமே விலை ஏறியிருக்கும். பக்கத்துக் கடையில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்களா பாருங்கள், உட்காருங்கள்.

புத்தகமே வேண்டாம், போன் போதும் என்பது

இவ்வளவு குறை சொன்னேன் என்பதற்காக இந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஆயிரம் பேர் நட்சத்திரம் குத்திய ஓட்டலைப் போன் காட்டும். அந்த ஊரில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமா, அல்லது பஸ் மாறிவிட்டு அடுத்த ஊருக்குப் போவது நல்லதா என்று அது சொல்லாது. ஒரு நாட்டை முழுசாகச் சுற்றிய ஒருவர் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று யோசித்து எழுதியது அந்தப் புத்தகம். மலைப்பாதையில் சிக்னல் போன பிறகு பையில் இருக்கும் ஒரு தாள் வரைபடத்தின் அருமையும் தெரியும்.

தவறைக் கண்டும் எழுதாமல் விடுவது

பதிப்பகங்கள் வாசகர் திருத்தங்களை வாங்கிக்கொள்கின்றன. இந்திய பாஸ்போர்ட்டோடு போகிறவர்கள் எழுதினால்தான் அடுத்த பதிப்பில் நமக்கும் ஒரு வரி வரும். "தகவல் தவறு" என்று மொட்டையாக எழுதாமல், எந்தச் சாவடி, எந்தத் தேதி, என்ன கேட்டார்கள், எவ்வளவு வாங்கினார்கள், உங்களிடம் இருந்தது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதையும், புத்தகத்தின் பதிப்பு ஆண்டையும் பக்க எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.